ஆயுசுக் கயிறு

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது அபூர்வம். கோவிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கருப்பராயன் கோவில் இருக்கிறது. பூசாரி ஒரு கறுப்புக் கயிற்றைச் சாமி காலடியில் வைத்து எடுத்து மணிக்கட்டில் கட்டி, இனிமேல் போதை தருகிற எதையும் தொடமாட்டேன் என்று சத்தமாகச் சொல்லச் சொல்வார். கயிற்றில் வகை உண்டு. ஆறு மாசக் கயிறு, வருசக் கயிறு, ஆயுசுக் கயிறு. செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவது போலத்தான். நடுவில் குடிக்கத் தோன்றிவிட்டால் கயிற்றை நாமே அறுக்கக் கூடாது. அதே கோவிலுக்குப் போய்ப் பூசாரி கையால் அவிழ்த்த பிறகுதான் குடிக்கலாம். மீறினால் தெய்வக் குற்றம். அந்தக் குற்றமும் மீறியவனை விட்டுவிட்டு, அவனுக்காக வேண்டிக்கொண்டு கட்டவைத்தவர்கள் தலையில் விழுமாம். இந்தக் கடைசி விதியை யோசித்துச் சேர்த்தவர் யாரோ, குடும்பம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்.

நான் இதையெல்லாம் கிண்டலாகத்தான் பேசுவேன். ஆனாலும் எங்கள் அப்பாவுக்கு அது பலித்ததை இல்லையென்று சொல்ல முடியாது. தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர். வாங்குகிற கூலி வீடு வந்து சேராது. ஒரு அமாவாசையன்று அம்மா அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் ஆயுசுக் கயிறு கட்டவைத்தாள். அதற்குப் பிறகு மாரடைப்பில் போகிற வரைக்கும் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. கயிறு நைந்துபோனால் கோவிலுக்குப் போய்ப் புதுசு மாற்றிக்கொண்டு வருவார். அதனால் அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடிந்ததில்லை. அவளுக்குக் கண் முன்னால் அத்தாட்சி இருந்தது.

நாங்கள் இப்போது இருப்பது பெரியநாயக்கன்பாளையத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஒரு லைன் வீட்டில். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற பட்டறையில் எனக்கு வேலை. எனக்குக் கல்யாணம் நடந்து, அது முடிந்தும் போய், அம்மாவோடு வந்துவிட்டேன். எனக்கும் தம்பிக்கும் நிறைய வயசு வித்தியாசம். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அதே ரோட்டில் இன்னொரு பட்டறையில் அவன் லேத் ஓட்டினான். நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல மரியாதைக்காரன். இந்த ஊரில் எல்லாரும்தான் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார்கள். இவன் தெருநாயைக்கூட ‘தள்ளிப் படுங்க’ என்று சொல்வான். யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாது. அந்தக் குணத்தைத்தான் ஊரே மெச்சியது. எனக்கு மட்டும் அவன் சின்ன வயசிலிருந்தே அதில் எரிச்சல்.

போத்தனூர்ப் பக்கம் அவனுக்குச் சில சேக்காளிகள். இரும்பு தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட சமயம், வலிக்கு நல்ல மாத்திரை என்று ஒருவன் கொடுத்திருக்கிறான். அந்த மாத்திரையை விழுங்குவதோடு நிற்கிற கூட்டம் இல்லை அது, கரைத்து ஊசியில் ஏற்றுகிற கூட்டம். ‘வேண்டாமுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. இவன் எங்கே சொல்லப்போகிறான்? எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் ஊசித் தழும்பை மறைக்க முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்திருந்தான். தனக்கு வாங்கப் போனவன் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறான். போலீஸ் பிடித்தபோது அது விற்பனைக் கேஸ் ஆகிவிட்டது. கோயம்புத்தூர் ஜெயிலில் போட்டார்கள்.

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என் தம்பி நன்றாக இருந்தது ஜெயிலில்தான்.

முதலில் மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூக்கு ஒழுக, நடுங்கிக்கொண்டு நின்றான். பிறகு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் ஜெயிலுக்கு வந்து, இவனைப் போன்றவர்களுக்கு வைத்தியம் ஆரம்பித்தார். தினமும் காலையில் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. அது கரைகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் நடுக்கம் போயிற்று. தூங்கினான், சாப்பிட்டான். கன்னத்தில் சதை போட்டது. ஒரு தடவை வலைக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். வருசக்கணக்காக நான் பார்க்காத சிரிப்பு அது. திரும்பி வருகிற பஸ்ஸில் யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

அவனுக்கு ஜாமீன் கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் அந்த டாக்டரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், தூக்கம் இல்லாத கண்கள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

“வெளிய வந்த மொதல் சில வாரந்தாங்க கண்டம். உள்ள இருக்கையில ஒடம்பு பழைய அளவை மறந்துபோயிருக்கும். மனசு மறக்காது. ஒரு நாள் சபலத்துல பழைய அளவையே ஏத்திப்போட்டான்னா மூச்சு நின்னுபோகும். இந்த மாத்திரை அவனைக் காப்பாத்தும். வாரா வாரம் இங்க வந்து வாங்கிக்கோணும். நிறுத்த மட்டும் உட்றாதீங்க.”

அவ்வளவுதான். அவன் உயிரோடு இருக்க வேண்டுமானால் மாத்திரை நிற்கக் கூடாது. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கே புரிகிற அளவுக்கு எளிமையான விஷயம்.

அவன் வந்த அன்று வாசல் குழாயடியிலேயே அம்மா அவனை நிறுத்தி, மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். போட்டிருந்த துணியைச் சாக்கடை ஓரம் போட்டு எரித்தாள். லைன் வீட்டுக்காரர்கள் வேலைவெட்டி இல்லாமல் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் அத்தனை பேருக்கும் ஈரத்தோடு கும்பிடு போட்டான். பதிலுக்கு எல்லாரும் ‘வாங்க தம்பி’ என்றார்கள். அன்று சாயங்காலமே, வெளியே நிறுத்தியிருந்த குழந்தைகளின் சைக்கிள்களைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

பழைய பட்டறை முதலாளியைப் போய்ப் பார்த்தான். நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். “பாக்கலாமுங்க தம்பி, நானே கூப்படறனுங்க” என்றிருக்கிறார். எங்கள் ஊரில் ‘பாக்கலாமுங்க’ என்றால் கிடையாது என்று அர்த்தம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் இவன் இன்னொரு ஊருக்காவது போயிருப்பான். கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அடுத்த பட்டறையிலும் அதே டீ, அதே பதில். அந்த ரோட்டில் டீ குடித்தே அவன் வயிறு நிறைந்தது.

மாத்திரையை மட்டும் விடவில்லை. வாரா வாரம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கி வருவான். காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வான். அந்த நேரத்தில் அவனோடு யாரும் பேசக் கூடாது. நான் கம்பி சுற்றப் போகிற அவசரத்தில் சோறு கொண்டுபோகிற தூக்குப் போசியைத் தேடிக்கொண்டு கத்துவேன். அவன் வாயைத் திறக்காமல் அது இருக்கும் இடத்தைக் கையால் காட்டுவான். அந்தச் சில வாரங்கள்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல காலம் என்று அப்போது தெரியவில்லை.

அம்மாவுக்கு அந்த மாத்திரை கண்ணை உறுத்தியது. ஜெயிலுக்குப் போனதே மாத்திரையால்தானே, வந்தபிறகும் மாத்திரையா? ஒரு நாள் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் அரை நாள் லீவு போட்டு மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் எங்களை உட்காரவைத்தார். அம்மா உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள்.

“ஏனுங்க, இந்த மாத்திரையில போதை இருக்குதுங்களா?”

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இந்த மனிதர் யோக்கியர்.

“கொஞ்சம் இருக்குதுங்கம்மா. ஆனா…”

அம்மா எழுந்துவிட்டாள். ‘ஆனா’வுக்குப் பிறகு அவர் சொன்னது எதையும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்றாள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். இது போதைக்காகக் கொடுப்பதில்லை, உடம்பு அதைத் தேடி அலையாமல் இருக்கக் கொடுப்பது. சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் மாதிரி. வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம், வண்டி ஓட்டலாம். நாங்களே மெல்ல மெல்லக் குறைப்போம். நடுவில் சட்டென்று நிறுத்தினால்தான் உயிருக்கு மோசம். உங்கள் மகனுக்கு இது தண்டனை இல்லை அம்மா, இதுதான் அவன் கைப்பிடி. அவர் ‘அம்மா’ என்று சொன்னது காலி நாற்காலியைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து நான் அத்தனையும் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவேயில்லை. நான் ஆரம்பித்தால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள், இல்லையென்றால் மிக்ஸியைப் போடுவாள். “போதை இருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு, அதுக்கு மேல நீ என்ன சொல்றது” என்று ஒரே பாட்டு.

அந்த வெள்ளிக்கிழமை நான் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து அவனைத் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அவன் மணிக்கட்டில் கயிறு. ஆறு மாசமும் இல்லை, வருசமும் இல்லை. அப்பாவுக்குக் கட்டிய அதே ஆயுசுக் கயிறு.

அன்று நான் போட்ட சத்தத்தில் லைன் வீடு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. “உன்ற சாமி வந்து இவனுக்கு மூச்சுக் குடுக்குமா?” என்று கேட்டேன். அம்மா அழவில்லை. ரொம்ப அமைதியாக, “அப்பனைக் காப்பாத்துன சாமி மகனைக் கைவிடாது அம்மணி” என்றாள். தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர்ச் சொம்போடு நின்றான்.

“உடுங்கக்கா. அம்மா கும்புட்டுக் கட்டுனது. இதைக் கட்டீட்டு அந்த மாத்திரையப் போட்டா அம்மாளுக்குத்தானுங்க ஆகாது.”

“அம்மாளுக்கு ஒரு மயிரும் ஆகாது. நீ மாத்திரையப் போடு.”

“ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, அக்கா?”

அவ்வளவுதான் அவன் பேச்சு. அம்மாவுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு. நாளைக்கு அவள் தலை சுற்றி விழுந்தாலும் இவன் தன் கையைத்தான் பார்ப்பான்.

மாத்திரை நின்றது. கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. கொட்டாவி, கண்ணில் தண்ணீர், வியர்வை, வயிற்றுப்போக்கு. கால் எலும்பை யாரோ முறுக்குகிற மாதிரி வலிக்கிறது என்று சுவரில் காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு படுத்திருப்பான். அம்மா காய்ச்சல் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். கெட்டதெல்லாம் வெளியேறுகிறது என்று சொல்லிக்கொண்டாள். நான் டாக்டரிடம் தனியாக ஓடினேன். ஆளைக் கூட்டிக்கொண்டு வராமல் மாத்திரை தர விதி இல்லை என்றார். விதி என்னவோ சரிதான். எங்கள் வீட்டுக்குள் வேறு ஒரு விதி ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? “எப்பிடியாச்சும் ஒருக்கா கூட்டீட்டு வந்துருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரலில் இருந்த பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த அவதி மெல்ல அடங்கியது. அம்மா ஜெயித்துவிட்ட சந்தோசத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாள். “பாத்தியா” என்று என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். டிவியை ஓடவிட்டுச் சுவரைப் பார்ப்பான். போன் அடித்தால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பான். பட்டறை முதலாளிகள் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டதெல்லாம் போத்தனூர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனும் மடித்தான். “நாளைக்கு ஒரு சோலி இருக்குதுங்கக்கா. அத முடிச்சுப்போட்டு வந்து உங்ககிட்டச் சொல்றேன்” என்றான். முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. வேலை விஷயம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். ‘எங்கே’ என்று கேட்டால் சகுனம் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கிளம்புகிறவனை யாரும் எங்கே என்று கேட்கமாட்டோம். காலையில் மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, அம்மாவிடம் ‘வாரேனுங்கம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. போத்தனூர் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், முள் காட்டில் கிடந்திருக்கிறான். பக்கத்தில் ஊசி. கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். தூக்கி ஒரு ஆட்டோவில் போட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவர் முதலிலேயே சொல்லிவைத்தது அப்படியே நடந்திருந்தது. பழைய அளவு, மறந்துபோன உடம்பு.

மறுநாள் பிணவறையிலிருந்து அவனை வாங்கும்போது அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தாள். கயிறு இல்லை. கட்டியிருந்த இடத்தில் தோல் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுப்பாக இருந்தது.

“அவுத்துப்போட்டான்” என்றாள். “ஊசி போடறதுக்கோசரம் அவுத்துப்போட்டான்.”

அதற்குப் பிறகு துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது இதுதான். கயிறு இருந்த வரைக்கும் எம்மகன் நல்லாத்தான் இருந்தான். கயித்தை அவுத்தான், போயிட்டான். எல்லாரும் தலையாட்டினார்கள். சொந்தக்காரர் ஒருவர், “போறதும் போனான், மொறையா அவுத்துப்போட்டுப் போயிருக்கான், உங்களுக்குத் தோசம் இல்லீங்க அக்கா” என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். நான் அவரை அடிக்காமல் விட்டது அவர் நல்ல காலம்.

தானே அறுத்துப்போடுகிறவன் இல்லை அவன், கோவிலுக்குப் போய்த்தான் அவிழ்த்திருப்பான் என்று தெரியும். எனக்குப் பூசாரி மேல் ஆத்திரம். ஆயுசுக்கும் என்று கட்டியதை, அவன் கேட்டான் என்று அவிழ்த்துவிட்டாயே, வயசான மனுசனுக்கு யோசனை வேண்டாமா என்று கேட்க வேண்டும். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

கோவில் என்றால் மேலே தகரக் கூரை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு வேல். அவிழ்த்த கயிறுகளை எல்லாம் அந்த வேலில்தான் கட்டுவார்கள். இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கறுப்புக் கயிறு சுற்றிக் கிடந்தது. அதில் எது அவனுடையது என்று தெரியாது. பூசாரி தேங்காய் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், சண்டைக்கு வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“அந்த மஞ்சச் சட்டைத் தம்பியோட அக்காங்களா? தம்பிக்கு மருந்து கெடைச்சுதுங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்தா என்றேன்.

“ஆமாங் அம்மணி. மத்தவியெல்லாம் குடிக்கோணும்னு அவுக்க வருவாங்க. இந்தத் தம்பி, ஆசுபத்திரி மருந்து சாப்புடோணும், இது கையில இருந்தாச் சாப்புட முடியாது, அவுத்துடுங்கன்னு கேட்டாப்பிடி. இத்தன வருசத்துல அப்பிடிக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. அவுத்தா எங்கம்மாளுக்கு ஒண்ணும் ஆகாதுங்களான்னு கேட்டுக் கேட்டு என்னைய ஒருவழி பண்ணிப்போட்டாப்பிடி. மொறையா அவுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணினேன்.”

எப்போது வந்தான் என்று கேட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மேலே சொன்னார்.

“அன்னைக்கு அமாவாசைங்க. கயிறு கட்ட நெம்பக் கூட்டம். மத்தியானத்துக்குள்ள ஆசுபத்திரிக்குப் போகோணுமுன்னு தம்பி பறந்துட்டு நின்னுச்சு. அப்பிடின்னா முன்னால வாங்கன்னு நாந்தான் கூப்பிட்டேன். இல்லீங்க, பெரியவங்கெல்லாம் வெயில்ல நிக்கறாங்க, என்ற மொறை வரட்டுமுங்கன்னு நின்னுட்டாப்பிடி.”

எங்கள் மரியாதையில் தீயை வைக்க. ஒரு பிளேடு போதும் அந்தக் கயிற்றுக்கு. பல்லால் கடித்துத் துப்பியிருக்கலாம். யாரும் பார்க்கப்போவதில்லை. அவன் அம்மாவையும் ஏமாற்றவில்லை, சாமியையும் ஏமாற்றவில்லை. முன்னால் நின்ற கிழவர்களைத் தாண்டிக்கூடப் போகவில்லை. இவனைத்தான் ஜெயிலில் போட்டார்கள். இவனைப் பார்த்துத்தான் சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கொடுக்கிற பிரிவு சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். கதவருகே உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போனில் தம்பி படத்தைக் காட்டினேன். அவருக்கு ஞாபகம் இருந்தது.

“கதவைச் சாத்திப்போட்டுச் சாவியக் கையில எடுத்தேன், ஓடியாந்தாப்பிடி. நெம்ப வேர்த்துக் கெடந்துச்சு. டாக்டரு போயிட்டாருங்க, திங்கக்கெழமை வாங்கன்னேன். இன்னைக்கே கெடைக்காதுங்களான்னு ஒருக்கா கேட்டுச்சு. கெடைக்காதுங்கன்னேன். சரிங்கண்ணா, வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டு அந்தப் படியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு இருந்துச்சு. போனு வந்துச்சு. பேசிட்டே எந்திரிச்சுப் போயிட்டாப்பிடி.”

போன் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் கேட்கத் தேவையில்லை. அந்தப் படியில் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதிரே ஜூஸ் கடை, அதற்கு அடுத்து பஸ் ஸ்டாப். ஒரு பக்கம் போனால் எங்கள் வீடு, இன்னொரு பக்கம் போனால் போத்தனூர். திங்கட்கிழமை வரைக்கும் அவனைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்த ஊரில் ஒரு இடம் இல்லை. பிடித்து வைக்க ஜெயில் ஒன்றுதான் இருந்தது. அங்கே இருந்திருந்தால் அன்று காலையில் அவனுக்கு மாத்திரை கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அவள் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போய்த்தான் அவன் நேரம் போனது என்று தெரிந்தால் பிறகு அவள் எதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருப்பாள்? போத்தனூர்க்காரர்கள் மேலும் விதி மேலும் பழியைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாசங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து லைனிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் மகனும் அதே மாத்திரைக் கேஸில் உள்ளே போய், அந்த வாரம்தான் வெளியே வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் என்னமோ நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்களாம், கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். அனுபவப்பட்டவள் என்று அம்மாவைத் தேடி வந்திருக்கிறாள்.

“அதெல்லாம் வேண்டாங் கண்ணு, அதுலயும் போதைதான். அமாவாசைக்குக் கோயலுக்கு வா, நானே கூட்டீட்டுப் போறேன். என்ற மகன் பாவி, ஊசிக்கோசரம் கயித்தை அவுத்தான், செத்தான். உம்மகனுக்குக் கட்டி உட்டுட்டு, அவுக்காமப் பாத்துக்கோ.”

நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து முதலில் சொன்னேன், மாத்திரையை நிறுத்தாதே என்று. பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். பூசாரி சொன்னது, வரிசையில் நின்றது, வாட்ச்மேன் சொன்னது, படியில் உட்கார்ந்தது. ஊசிக்காக அவிழ்க்கவில்லை, மருந்துக்காக அவிழ்த்தான் என்று சொன்னேன். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்டுக் கேட்டு அவிழ்த்தான் என்பதையும் சொன்னேன். குரலைத் தணிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் எப்போது எழுந்து போனாள் என்று தெரியாது. அம்மா தலையைத் தூக்கவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். முறத்தில் இலை குவிந்தது. அழுவாள், என்னைத் திட்டுவாள், பொய் சொல்கிறேன் என்பாள் என்று காத்திருந்தேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். எதுவும் செய்யவில்லை. கையிலிருந்த காம்பை உருவாமல் நிறுத்திக் கேட்டாள்.

“அன்னைக்கு அந்த டாக்டரு ‘ஆனா’ன்னு என்னமோ சொல்ல வந்தாரே அம்மணி. நாந்தான் எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்பறம் என்ன சொன்னாரு?”

அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். போதைக்காகக் கொடுப்பதில்லை என்பதில் ஆரம்பித்து, அவர் சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள்.